லண்டனில் முதல் குளிர்காலம்: தோல் அரிக்குது, வெடிக்குது, என்ன செய்ய?

செப்டம்பரில் ஈஸ்ட் ஹாம் வந்த தங்கை ஒருவர் நேற்று கேட்டிருந்தார்: "அக்கா, ஊரில் எனக்குத் தோல் பிரச்சினையே இருந்ததில்லை. இப்போது கால் முழுக்கச் செதில். ராத்திரி தூங்காமல் சொறிகிறேன். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையா, இல்லை தண்ணீரா?"

ஒவ்வொரு நவம்பரிலும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார்கள். நானும் திருச்சியிலிருந்து வந்த முதல் வருடம் இதே பாடு பட்டேன். கறுப்பு லெக்கிங்ஸைக் கழற்றினால் உள்பக்கம் முழுக்க மாவு தூவியது போல வெள்ளையாக உதிர்ந்திருக்கும். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் காரணம் காற்று. வெளியே 5 டிகிரியில் ஈரம் நிரம்பியிருக்கும் காற்றை வீட்டுக்குள் 20 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் சுமார் 40 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வெளியே மழை தூறிக்கொண்டே இருக்கும், உள்ளே ஹீட்டர் போட்ட அறையில் உதடு காயும். நம் ஊரின் பிசுபிசுப்பில் வளர்ந்த தோலுக்கு இது புதுசு. தோலின் மேலடுக்கில் செல்களுக்கு நடுவே ஒரு கொழுப்புப் பூச்சு இருக்கிறது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமலும், வெளியே இருக்கும் சோப்பும் தூசியும் உள்ளே போகாமலும் காப்பது அதுதான். அது தேய்ந்துவிட்டால் நேற்றுவரை ஒத்துக்கொண்ட பவுடர்கூட இன்று எரியும். "சென்சிடிவ் ஸ்கின்" என்று பலர் சொல்வது பெரும்பாலும் இந்தப் பூச்சு தேய்ந்த நிலைதான். சிலருக்கு அது பிறவியிலேயே கொஞ்சம் பலவீனமாக இருக்கும். சின்ன வயதில் கரப்பான், வீசிங், தும்மல் என்று இருந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, நம் குளியல். குளிருக்கு இதமாக இருக்கிறது என்று கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் நிற்கிறோம். காலையில் ஒன்று, வேலை முடிந்து வந்து இன்னொன்று. அது போதாதென்று சோப்பு, பீர்க்கங்காய் நார். தோல் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை கொண்டது, சோப்பு காரம். சூடும் காரமும் தேய்ப்பும் சேர்ந்தால் இருக்கிற கொழுப்பும் போய்விடும்.

ஆகவே குளிர்காலம் முடியும்வரை ஒரு நாளைக்கு ஒரு குளியல், வெதுவெதுப்பான தண்ணீர், 5 முதல் 10 நிமிடம். சோப்பு அக்குளுக்கும் மடிப்புகளுக்கும் பாதத்துக்கும் போதும். கை கால் முதுகுக்குச் சோப்பு இல்லாத வாஷ் ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிட்டு, உடம்பு லேசாக ஈரமாக இருக்கும்போதே கிரீம் தடவுங்கள். அந்த ஈரத்தை உள்ளே பூட்டுவதுதான் கிரீமின் வேலை. முடி வளரும் திசையில், மேலிருந்து கீழாகத் தடவுங்கள். எதிர்த்துத் தேய்த்தால் முடிக்கால்களில் சின்னச் சின்னக் கட்டி வரும்.

எந்தக் கிரீம் என்று கேட்பீர்கள். இங்கே எமோலியன்ட் என்பார்கள். விலை உயர்ந்தது தேவையில்லை. வாசனை சேர்க்காதது, டப்பாவில் அல்லது பம்ப் பாட்டிலில் வரும் கெட்டியானது, அவ்வளவுதான். பின்பக்கப் பட்டியலில் "பர்ஃபம்" என்ற சொல் இருந்தால் வைத்துவிடுங்கள். "அன்சென்டட்" என்று முன்னால் போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், வாடையை மறைக்கவே ஒரு வாசனை சேர்த்திருப்பார்கள். யூரியா உள்ளது செதிலுக்கு நல்லது, ஆனால் வெடித்த இடத்தில் எரியும். டப்பா என்றால் விரலை விடாமல் சுத்தமான ஸ்பூனால் எடுங்கள். அளவில்தான் நாம் கஞ்சத்தனம் செய்கிறோம். உடம்பு முழுக்க எக்சிமா, அதாவது கரப்பான், உள்ள பெரியவருக்கு வாரத்துக்கு 500 கிராம் வரை ஆகும் என்பது இங்குள்ள மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. நான் அதே 500 கிராம் டப்பாவை ஆறு மாதம் வைத்திருந்தேன். அப்புறம் எப்படிக் குணமாகும்?

ஒரு எச்சரிக்கை. கிரீம் ஊறிய துணி, போர்வை, ஸ்வெட்டர் கை எல்லாம் எளிதில் தீப்பிடிக்கும். துவைத்தாலும் முழுசாகப் போகாது. குத்துவிளக்கு ஏற்றும்போதும் கேஸ் அடுப்பில் தோசை சுடும்போதும் துப்பட்டாவையும் முழுக்கைச் சட்டையையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரைப் பற்றிக் கேட்டீர்கள். லண்டன் தண்ணீர் கடினமானதுதான், கெட்டிலுக்குள் படிகிற வெள்ளைப் பொருக்கைப் பார்த்திருப்பீர்கள். கடின நீரில் சோப்பு சரியாக நுரைக்காது, தோலிலேயே படிந்து எரிச்சல் தரும். ஆனால் அதற்காக நூற்றுக்கணக்கான பவுண்டு கொடுத்து வீட்டுக்கு சாஃப்ட்னர் (தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் கருவி) மாட்டாதீர்கள். எக்சிமா உள்ள 336 குழந்தைகளை வைத்து இங்கிலாந்தில் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், சாஃப்ட்னர் வைத்த வீடுகளில் எக்சிமா கூடுதலாகக் குறையவில்லை. அந்தக் காசுக்கு எவ்வளவோ கிரீம் வாங்கலாம்.

இப்போது நான் எழுத நினைத்த முக்கியமான விஷயம். ஊரிலிருந்து கொண்டு வரும் அந்த ட்யூப்.

உங்கள் பெட்டியிலும் ஒன்று இருக்கும். அரிப்பு, படை, முகப்பரு, கருமை எல்லாவற்றுக்கும் ஒரே களிம்பு என்று மருந்துக்கடையில் எடுத்துக் கொடுத்தது. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். குளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது வீரியமான ஸ்டீராய்டு. கூடவே பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்திருக்கும். எங்கள் ஊர்க் கடையில் அம்மா வாங்கி அனுப்பிய அப்படி ஒன்றை நான் முகத்தில் ஐந்து மாதம் போட்டேன். முதல் வாரம் தோல் பளிச்சென்று ஆனது, அதில்தான் ஏமாந்தேன். பிறகு கன்னத்தில் மெல்லிய ரத்தக் குழாய்கள் தெரிந்தன, தாடையில் பருவும் பூனை முடியும் வந்தன. நிறுத்திய மூன்றாம் நாள் முகம் மிளகாய் பூசியது போல எரிந்தது. அது குணமாக ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. படர்தாமரைக்கு இதைப் போட்டால் இன்னும் மோசம். அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளுக்குள் பரவும், கடைசியில் டாக்டருக்கே அது படர்தாமரை என்று அடையாளம் தெரியாத அளவுக்கு உருமாறிவிடும்.

இதைப் படித்துவிட்டு, இங்கே டாக்டர் எழுதிக் கொடுக்கும் ஸ்டீராய்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இடத்துக்கும் வயதுக்கும் ஏற்ற வீரியம், ஏற்ற நாள் கணக்கு என்று அவர் பார்த்துக் கொடுப்பார். அதைப் பாதியில் நிறுத்தினால்தான் திரும்பத் திரும்ப வரும். அளவுக்கு ஒரு வழி இருக்கிறது: ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களையும் சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும்.

ஜி.பி.யிடம், அதாவது இங்குள்ள குடும்ப டாக்டரிடம், பேசும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். போனில் "சிவந்திருக்கிறதா?" என்று கேட்பார்கள். நம் நிறத்தில் எக்சிமா சிவப்பாகத் தெரியாமலே போகலாம். கருத்து, சாம்பல் பூத்து, சில சமயம் ஊதா கலந்து தெரியும். முடிக்கால்களைச் சுற்றிப் பொடிப் பொடியாகத் தடிக்கும். சிவப்பு இல்லை என்று மட்டும் சொல்லி வைத்தால் லேசானது என்று நினைத்துவிடுவார்கள். தொட்டால் சூடாக இருக்கிறது, சொரசொரவென்று இருக்கிறது, ராத்திரி இத்தனை முறை விழிக்கிறேன் என்று சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். ஆறிய பிறகு கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும், தானாக மங்கும். அதற்காக வெளுப்புக் கிரீம் வாங்க வேண்டாம், இங்கே திருட்டுத்தனமாக விற்கும் சிலவற்றில் பாதரசமும், ஹைட்ரோகுவினோன் என்ற வெளுப்பு ரசாயனமும் பிடிபட்டிருக்கின்றன.

செலவு: 2025 கணக்குப்படி இங்கிலாந்தில் டாக்டர் சீட்டில் எழுதும் ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு. 16 வயதுக்குக் கீழ் இலவசம். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் எல்லோருக்கும் இலவசம். எமோலியன்ட்டைச் சீட்டில் வாங்குவதைவிடக் கடையில் வாங்குவது சில நேரம் மலிவு, ஃபார்மசிஸ்டிடமே கேளுங்கள்.

நீர் வடிந்து மஞ்சள் பொருக்கு கட்டினால் காத்திருக்காமல் ஜி.பி.யைக் கூப்பிடுங்கள். எக்சிமா உள்ள இடத்தில் ஒரே அளவில் கொத்துக் கொத்தாகக் கொப்புளம், வலி, காய்ச்சல் என்றால் அது ஹெர்பீஸ் என்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும், ஜி.பி. கிடைக்காவிட்டால் 111 என்ற மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். குழந்தை என்றால் இன்னும் அவசரம்.

மறுநாள் சேர்த்தது:

பிரசவத்துக்கு அம்மா வருகிறார், குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தோல் நன்றாக இருக்கிற குழந்தைக்கு மெதுவாகத் தேய்த்துவிடுவதில் தவறில்லை, அந்தத் தொடுதல் குழந்தைக்கும் பாட்டிக்கும் சுகம். ஆனால் ஆலிவ் எண்ணெய் வேண்டாம். ஷெஃபீல்டில் பெரியவர்களை வைத்துச் செய்து 2013இல் வந்த ஆய்வில் அது தோலின் காப்பைக் குலைப்பது தெரிந்தது. கடுகெண்ணெயும் வேண்டாம். குழந்தைக்கு ஏற்கெனவே கரப்பான் இருந்தால் பயத்தமாவு, கடலைமாவு, பாதாம் எண்ணெய் எதுவும் தேய்க்காதீர்கள். வெடித்த தோல் வழியாக உள்ளே போகும் உணவுப் பொருளுக்கே பின்னால் ஒவ்வாமை வரும் வாய்ப்பு உண்டு. அம்மாவிடம் "இங்கே நர்ஸ் சொன்னாங்கம்மா" என்று சொல்லிப் பாருங்கள், நாம் சொன்னால் மனசு வருத்தப்படும்.

இன்னொருவர், நெற்றியில் பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் அரித்து வெளுக்கிறது என்கிறார். ஒட்டுப் பொட்டின் பசையில் உள்ள சில ரசாயனங்கள் அந்த வட்டத்தில் தோலின் நிறத்தையே எடுத்துவிடும். இன்றே நிறுத்துங்கள். கண்மையோ குங்குமமோ வேறு ஒட்டுப் பொட்டோ வைத்துச் சோதிக்காமல் கொஞ்ச நாள் நெற்றியை அப்படியே விடுங்கள். வெளுப்பு பெரிதாவதற்குள் ஜி.பி.யிடம் காட்டுங்கள், போகும்போது அந்தப் பொட்டு அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.