கதிர் எப்போது தூங்குவான்?

(எங்கள் குடும்பக் குழுவில் ஓர் இரவு நடந்த பேச்சு. கதிர் என் தம்பி.)

அம்மா (இரவு 8:41): கதிரின் டீச்சர் இன்று போன் செய்தார். இரண்டாவது பீரியடிலேயே டெஸ்க்கில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுகிறானாம். ராத்திரி பன்னிரண்டு வரை கையில் போன். பத்தாம் வகுப்பு என்ற நினைப்பே இல்லை. வசந்தி, இவன் போனுக்கு அடிமையாகிவிட்டானா? எனக்குப் பயமாக இருக்கிறது.

பெரியப்பா (8:44): போன் பார்க்கும் பிள்ளைகளுக்கு மூளை சுருங்குகிறது என்று எனக்கு வந்த செய்தியைக் கீழே போடுகிறேன், எல்லோரும் படியுங்கள். தம்பி, முதலில் அந்தப் போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டு.

அத்தை வசந்தி (8:52): பெரியண்ணே, அந்தச் செய்தியை நம்ப வேண்டாம். மதினி, கதிரும் இந்தக் குழுவில் இருக்கிறான். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவனைப் பற்றி நாமாகவே பேசி முடிவெடுக்க வேண்டாம். கதிர், உனக்குத் தோன்றுவதை நீயும் எழுதுடா.

அத்தை (9:03): மதினி, பயப்பட வேண்டாம். வீடியோ கேம் அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்திருப்பது உண்மைதான். ஆனால் கட்டுப்பாடு கைமீறிப் போய், கெடுதல் தெரிந்தும் விட முடியாமல், படிப்பும் உறவுகளும் குலைந்து, அது பொதுவாக 12 மாதம் நீடித்தால்தான் அந்தப் பெயர். கதிர் நம்மோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான், நண்பர்களோடு சிரித்துப் பேசுகிறான். 2019ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஏமி ஆர்பெனும் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் மூன்றரை லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் தகவல்களை அலசினார்கள். எல்லோரும் வளரிளம் பருவத்தினர். அவர்களின் மனநலத்தில் தெரியும் வித்தியாசங்களில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தைத்தான் திரைப் பயன்பாட்டோடு தொடர்புபடுத்த முடிந்தது.

அப்பா (9:06): அப்படியானால் போனால் ஒரு கெடுதலும் இல்லை என்கிறாயா?

அத்தை (9:11): இல்லை சின்னண்ணே. அது சராசரிக் கணக்கு. ஒரு பிள்ளை ராத்திரியில் எதைப் பார்க்கிறது, யார் அதைக் கேலி செய்கிறார்கள் என்பதெல்லாம் அதில் தெரியாது. ஆனால் அதே ஆய்வில் போதுமான தூக்கத்துக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் மனநலத்தோடு இருந்த தொடர்பு அதைவிடப் பல மடங்கு பெரிது. அதனால் எத்தனை மணி நேரம் போன் பார்த்தான் என்று கேட்பதை விட, எத்தனை மணி நேரம் தூங்கினான் என்று கேட்போம். காலையில் எப்போது எழுகிறான்?

அம்மா (9:13): 5:45. வேன் 7:05க்கு வந்துவிடும். இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டு ஓடுகிறான்.

நான் (9:14): பெருமாள்புரத்தில் இவன்தான் முதலில் ஏறுவான். வேன் கேடிசி நகர் வரை சுற்றிவிட்டுத்தான் பள்ளிக்குப் போகும். நானும் அதில்தான் போனேன், ஜன்னல் கம்பியில் தலை இடிக்க இடிக்கத் தூங்குவேன்.

அத்தை (9:19): பார்த்தீர்களா, ஆறு மணி நேரம்கூட இல்லை. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். இந்தப் பருவத்தில் தூக்கத்துக்கு ஆயத்தம் செய்யும் மெலடோனின் சுரப்பே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. பிரவுன் பல்கலைக்கழகத்தில் மேரி கார்ஸ்கடன் பல ஆண்டுகளாக இதை ஆராய்கிறார். ஒன்பது மணிக்குப் படு என்றால் கண் மூடாது. அது திமிர் இல்லை, உடம்பு அப்படி மாறுகிறது. அந்த நேரத்தில் கையில் போனும் இருந்தால் இன்னும் தள்ளிப்போகும்.

பெரியப்பா (9:22): நாங்கள் விடிகாலை நாலரைக்கு எழுந்து படித்தவர்கள்தானே?

அத்தை (9:23): அப்போது எட்டரைக்கே விளக்கை அணைத்துவிடுவோம், பெரியண்ணே.

சித்தப்பா (9:27): அக்கா சொல்வது சரி. இங்கே கலிஃபோர்னியாவில் இதற்காகவே 2019ல் சட்டம் போட்டார்கள். 2022 ஜூலையிலிருந்து உயர்நிலைப் பள்ளிகள் காலை 8:30க்கு முன்னால் தொடங்கக் கூடாது. கிராமப்புறங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

அப்பா (9:29): இங்கே பள்ளி நேரத்தை நாம் மாற்ற முடியுமா? பொதுத்தேர்வு வேறு வருகிறது.

கதிர் (9:36): அத்தை, நான் கேம் ஆடுவதில்லை. பள்ளி, ஸ்பெஷல் கிளாஸ், டியூஷன், ஹோம்வொர்க் எல்லாம் முடியப் பத்தரை ஆகிவிடும். எனக்கென்று நேரம் அதற்கு மேல்தான். ரீல்ஸ் பிடித்துத்தான் பார்க்கிறேன் என்றுகூடச் சொல்ல முடியாது. போனை வைத்துவிட்டால் அன்றைய நாள் முடிந்துவிடும், கண் திறந்தால் திரும்பவும் வேன். அதனால்தான் வைக்க மனசு வருவதில்லை.

அம்மா (9:38): இதை ஏன்டா என்னிடம் சொல்லவில்லை?

கதிர் (9:39): போனைப் பற்றி மட்டும்தானே கேள்வி வருகிறது அம்மா.

ஆச்சி (9:41, குரல் பதிவு): பிள்ளையை யாரும் வையாதீங்க. அவன் கண்ணெல்லாம் உள்ளே போயிருக்கு.

அத்தை (9:50): கதிர், நீ இதை எழுதியது எனக்கு ரொம்ப முக்கியம். என்னிடம் பேச வரும் மாணவர்களில் பலர் இதையே வேறு விதமாகச் சொல்கிறார்கள். காலையிலிருந்து ராத்திரி வரை அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை யாரோ ஒரு பெரியவர்தான் முடிவு செய்கிறார். பாஸ்டன் கல்லூரி உளவியலாளர் பீட்டர் கிரே 2011ல் இதைப் பற்றி எழுதினார். பெரியவர்கள் நடத்தாத விளையாட்டு அமெரிக்காவில் குறைந்துகொண்டே வந்த அதே பல பத்தாண்டுகளில்தான் பிள்ளைகளிடம் பதற்றமும் மனச்சோர்வும் கூடின. தானே ஆட்டம் தொடங்கி, தானே சண்டை போட்டு, தானே சமாதானமாகும் பிள்ளைக்குத் தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற தெம்பு வரும் என்பது அவர் வாதம். நான் அதை முழுமையாக நம்புகிறேன். போனைப் பிடுங்கினால் பிள்ளையிடம் மிச்சமிருக்கும் அந்த ஒரு மணி நேரமும் போய்விடும். அந்த நேரத்தைப் பகலில் கொடுங்கள், ராத்திரி தானாகக் குறையும்.

நான் (9:53): அப்பா, அறிவியலும் சமூக அறிவியலும் அவனே படித்துக்கொள்வான். கணக்குக்கு மட்டும் டியூஷன் போதாதா?

அப்பா (10:02): சரி. சனிக்கிழமை டியூஷனை நிறுத்திவிடலாம். காலையில் நானே பைக்கில் கொண்டுபோய் விடுகிறேன், கால் மணி நேரம்தான் ஆகும். ஏழு மணிக்கு எழுந்தால் போதும். ஆனால் பத்தரைக்குப் போன் ஹாலுக்கு வர வேண்டும்.

கதிர் (10:03): உங்கள் போனுமா?

அப்பா (10:04): என்னுடையதும்தான்.

அத்தை (10:07): மதினி, இன்னொன்று. சாப்பாட்டை வெறுப்பது, நண்பர்களை ஒதுக்குவது, பள்ளிக்கே போக மறுப்பது என்று ஏதாவது தொடர்ந்து நடந்தால் தள்ளிப்போடாதீர்கள். உயிரோடு இருந்து என்ன பயன் என்பது போல ஒரு வார்த்தை வந்தால் அன்றைக்கே பேசுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். மற்றவர்களும் எண்ணைக் குறித்து வையுங்கள்.

கதிர் (10:09): சனிக்கிழமை சாயங்காலம் வ.உ.சி. மைதானத்துக்குப் போகலாமா?

அப்பா (10:10): போ. ஏழு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடு.

அம்மா (10:12): சாயங்காலம் மட்டும் வந்தால் போதும் என்று வேன்காரரிடம் நாளைக்கே சொல்லிவிடுகிறேன். மாதப் பணத்தைக் குறைப்பாரா என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.