குதித்துக் குதித்துப் பாடிய பாட்டு

கொடை டாக்சி:
சபலமும் சீரழிவும் பாட்டில் வந்தால் தலையாட்டிக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறோம். அர்த்தம் உறைத்த நேரம் என்று ஒன்று இருக்குமே, அதைச் சொல்லுங்கள். முதலில் என்னுடையது.

போன மழைக்காலத்தில் நாலு காலேஜ் பையன்களை கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலுக்கு ஏற்றிப்போனேன். வண்டியில் ‘ஹோட்டல் கலிபோர்னியா’ என்ற இங்கிலீஷ் பாட்டு திரும்பத் திரும்ப ஓடியது. 1976-ல் வந்த ஆல்பமாம், என் வயசு. அர்த்தம் கேட்டேன். “பாலைவன ரோட்டுல ஒருத்தன் அசந்துபோய் ஒரு ஓட்டல்ல தங்குறான்ணே. செம சொகுசு. ரூமைக் காலி பண்ணலாம், ஆனா வெளிய போகவே முடியாது” என்றான் முன்சீட்டுப் பையன். அடுத்த மூச்சிலேயே, “அண்ணே, இங்க போதைக் காளான் எங்க கிடைக்கும்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “தம்பி, இப்ப சொன்ன ஓட்டலுக்குத்தானே வழி கேக்குற?” என்றேன். பின்னால் மூன்று பேரும் சிரித்தார்கள். அவன் பாட்டை மாற்றினான்.

பூம்பாறைக்காரி:
எங்கள் அப்பத்தா மலைப்பூண்டு உரித்துக்கொண்டே கடுவெளிச் சித்தர் பாட்டு பாடும்.

நந்த வனத்திலோர் ஆண்டி – அவன்
நாலாறு மாதமாய்க் குயவனை வேண்டிக்
கொண்டுவந் தான்ஒரு தோண்டி – மெத்தக்
கூத்தாடிக் கூத்தாடிப் போட்டுடைத் தாண்டி

‘போட்டுடைத்தாண்டி’ வந்ததும் பிள்ளைகள் எல்லாம் குதிப்போம். பானை உடைந்த வேடிக்கை என்றுதான் நினைப்பு. சித்தப்பா குடித்தே செத்தபோது, துக்கத்துக்கு வந்த பெரியவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்: நாலும் ஆறும் பத்து மாதம், குயவன் படைத்தவன், தோண்டி இந்த உடம்பு. அப்பத்தா உள்ளே எழுந்து போய்விட்டது. அதற்கப்புறம் அது பாடிக் கேட்கவில்லை. நானும் என் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவில்லை. ஸ்கூலில் கற்றுக்கொண்டு வந்து குதிக்கிறார்கள், என்ன செய்ய?

பழனி அடிவாரம்:
அக்கா, உங்கள் ஊர் முருகன் குழந்தை வேலப்பரை அருணகிரிநாதரும் பாடியிருக்கிறார். சின்ன வயதில் எனக்குத் திருப்புகழ் சொல்லிக்கொடுத்த வாத்தியார் சில வரிகளைத் தாண்டித் தாண்டிப் போவார். மறதி என்று நினைத்தேன். இருபது வயதில் முழுசாகப் படித்தபோதுதான் காது சுட்டது. எத்தனையோ பாட்டில் பாதிக்கு மேல் விலைமாதர் கண்ணும் கூந்தலும்தான், முருகன் கடைசியில் வருகிறான். கோபுரத்திலிருந்து குதித்தார், முருகன் தாங்கினான் என்பது கதையாக இருக்கலாம். ஆனால் அந்த மயக்கத்தை இவ்வளவு ரசித்து எழுதியவர் அதில் விழாமல் எழுதியிருக்க மாட்டார். வாத்தியார் மேல்தான் இன்னும் கோபம். விழுந்ததை மறைத்துவிட்டு எழுந்ததை மட்டும் சொல்லிக்கொடுத்தார்.

பூம்பாறைக்காரி:
டாக்சி அண்ணா, அந்தப் பையன் காளான் வாங்கினானா?

கொடை டாக்சி:
தெரியாதும்மா. மறுநாள் வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். நாலு பேரும் ஏறினார்களா என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைத் திருப்பினேன்.