அமெரிக்கா ஐபோன் நம்மூர் சிம்மை எடுக்கவில்லை, என்ன செய்ய?

திருச்சிக்காரன்:
அத்தான் நியூஜெர்சியிலிருந்து கொண்டுவந்த போன். சிம் போட்டால் ‘சிம் நாட் சப்போர்ட்டட்’ என்கிறது. தவணை இன்னும் 14 மாதம் பாக்கியாம், அதுவரை விற்ற அமெரிக்க நிறுவனத்தின் சிம்மை மட்டும் எடுக்கும்படி பூட்டுத்தானாம். இங்கே கடைக்காரர் அந்தப் பூட்டை ஏமாற்ற, சிம்மோடு ஒட்டி ஒரு மெல்லிய சிப் வைக்க 1,500 ரூபாய் கேட்கிறார். கைக்கு வந்த பொருளுக்கு இன்னொருத்தன் பூட்டா?

டொரொண்டோவாசி:
சிப் வேண்டாம் தம்பி, ஒரு அப்டேட் வந்தால் படுத்துவிடும். மிச்சத் தவணையை அத்தான் கட்டி முடித்து அங்கேயே திறக்கச் சொல்லட்டும். செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போய்ப் பாருங்கள். ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று வந்தால் சரி. கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் பூட்டி விற்கவே கூடாது. அதற்கு முன்னால் பூட்டைத் திறக்க நான் 50 டாலர் அழுதேன்.

பழைய சந்தாதாரர்:
2003-இல் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்துக்குக் கொடுத்த சிடிஎம்ஏ என்ற வேறு வகைத் தொழில்நுட்பப் போனில் சிம்மே கிடையாது. அந்தப் போனோடு வேறு நிறுவனத்துக்குப் போக முடியாது. ஆனால் அந்த முன்பணத்துக்கு வேறு யார் போன் கொடுத்தார்கள்? தவணை வரை பூட்டட்டும், முடிந்ததும் கேட்காமலே திறக்க வேண்டும்.

திருச்சிக்காரன்:
பார்த்தேன், ‘சிம் லாக்ட்’. அத்தானிடம் தவணையைப் பற்றி நீங்களே பேசுங்களேன்!