ராஜ்மஹால் மலையில் மால்டோ மக்களோடு

பழங்குடி மக்கள் நடுவில் ஊழியம் செய்யப் புறப்படும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அங்கே போனதும் முதலில் என்னக்கா செய்யணும்?" அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஜார்கண்டில் சாஹிப்கஞ்ச், பாகூர் பக்கத்து ராஜ்மஹால் மலைகளில் மால்டோ என்னும் பழங்குடி மக்களிடையே நர்ஸாக இருந்தவள் நான். சொந்த ஊர் நாசரேத் பக்கம். 1903இல் அசரியாவும் நண்பர்களும் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கிய காலத்து ஆர்வம் இன்னும் வற்றாத ஊர். எங்கள் அம்மா உலை வைக்கும்போதெல்லாம் மிஷனெரிகளுக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பார்கள்.

மால்டோ கிராமங்கள் மலை உச்சியில் இருக்கின்றன. கீழே சமவெளியில் சந்தால்கள் என்னும் வேறொரு பழங்குடியினர். ஊற்றுத் தண்ணீருக்குப் பெண்கள் இறங்கி ஏற வேண்டும். மலைச்சரிவில் காட்டை வெட்டி எரித்துச் சோளமும் தட்டைப்பயறும் விதைக்கிறார்கள். பயறு காய்க்கும் முன்பே மகாஜன் என்கிற வட்டிக்கடைக்காரன் கடன் கொடுத்துவிட்டு, விளைந்ததை அவன் சொன்ன விலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவான். கல் குவாரிக்காரர்கள் மலையையே பெயர்த்துக்கொண்டிருக்கிறார்கள். மால்டோ மக்கள் பார்த்த வெளியாட்கள் எல்லாம் எதையாவது எடுத்துப் போக வந்தவர்களே. நம்மைக் கண்டதும் பெண்கள் வீட்டுக்குள் போய்விட்டால், அதற்கு அவர்களிடம் தலைமுறை தலைமுறையாகக் காரணம் இருக்கிறது. ஆகையால் முதலில் செய்ய வேண்டியது, அவர்கள் கூப்பிடும் வரை திண்ணையில் பொறுமையாக உட்கார்ந்திருப்பது.

அங்கே உயிரைக் குடிப்பவை மூளை மலேரியாவும் காலா அசாரும். ஜார்கண்டில் காலா அசார் வேரூன்றிய மாவட்டங்கள் நான்கு: சாஹிப்கஞ்ச், பாகூர், தும்கா, கோட்டா. மண் சுவர் வெடிப்பிலும் மாட்டுக் கொட்டகை ஈரத்திலும் வளரும் மணல் ஈ கடித்துப் பரவுகிற நோய். வாரக்கணக்கில் காய்ச்சல் விடாது. மண்ணீரல் வீங்கி வயிறு புடைக்கும், கைகால் குச்சியாகும், தோல் கறுக்கும். வைத்தியம் இல்லாவிட்டால் சாவுதான். தமிழ்நாட்டிலிருந்து போன மிஷனெரிகள் சிலரையும் அந்த மலையின் மலேரியா கொண்டுபோனது.

ஒரு ஊரில் தெமானோ ஒருவர் இருந்தார். குறி சொல்லிப் பலி கொடுக்கிறவர். அவருடைய பேத்திக்குக் காலா அசார் காய்ச்சல். கோழி பலியிட்டுப் பார்த்தும் விடவில்லை. எங்களோடு வேலை செய்த மால்டோ தம்பி ஒருவன் அன்றிரவு முழுவதும் அவர் பக்கத்தில் இருந்தான். பயறு விளைச்சல், மகாஜன் கணக்கு, செத்துப்போன மாடு என்று பேச்சு நீண்டது. சிறுவயதில் தனக்கும் இதே காய்ச்சல் வந்ததை இடையில் சொன்னான். விடிந்ததும் பெரியவர் என்னைப் பார்த்து, "தீதி (அக்கா), இவன் பிழைத்திருக்கிறானே, அந்த ஊசியையே இவளுக்கும் போடு" என்றார். கயிற்றுக் கட்டிலில் கிடத்திப் பிள்ளையைக் கீழே தூக்கி வந்தோம்.

அந்த நாட்களில் தினமும் ஒன்றாக முப்பது ஊசி வரை போட வேண்டும். பாதியில் நின்றால் நோய் திரும்பி வரும், மருந்தும் கேட்காமல் போகும். ஆனால் ஒரு மாதம் மலையை விட்டு வந்தால் விறகு விற்கிற காசு போச்சு, காடு போச்சு. பாதியில் எழுந்து போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கூட வந்த குடும்பத்துக்கும் சேர்த்து உலை வைத்தோம், அதனால்தான் பலர் கடைசி ஊசி வரை இருந்தார்கள். பிற்பாடு ஒரே நாளில் டிரிப்பாக ஏற்றும் ஆம்போடெரிசின் என்ற மருந்து வந்தது. அதைப் பார்த்து நான் ஸ்தோத்திரம் சொல்லி அழுதேன்.

அந்தப் பிள்ளை பிழைத்தாள். பெரியவர் ஞானஸ்நானம் எடுக்கவில்லை, பலி கொடுப்பதையும் விடவில்லை. ஆனால் காய்ச்சல்காரர்களை அவரே எங்களிடம் அனுப்பினார். எங்கள் ஊரில் சிலர், "அப்போ ஊழியத்துக்குப் பலன் என்ன?" என்று கேட்கும்போது எனக்கு மனம் கொதிக்கிறது. ஆசை காட்டி மதம் மாற்றுவதை ஜார்கண்டில் 2017இல் வந்த சட்டம் தண்டிக்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும், சாகக் கிடக்கிற பிள்ளையின் மருந்தைத் தூண்டிலாக்குவது கர்த்தருக்கு முன்பாகப் பாவம். கர்த்தர் குஷ்டரோகிகள் பத்துப் பேரைச் சுகமாக்கினார், திரும்பி வந்தவன் ஒருவன்தான். மற்ற ஒன்பது பேரின் சுகத்தை அவர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லையே.

விசுவாசத்துக்கு வந்த மால்டோ மக்களும் இருக்கிறார்கள், அதை எண்ணி மகிழ்கிறேன். அவர்களைக் கொண்டுவந்தது பெரும்பாலும் அவர்கள் ஆட்களே, அந்தத் தம்பி போன்றவர்கள். மொழியை நினைத்துப் பயப்படாதீர்கள். பாகல்பூரில் இருந்த மிஷனெரி டிரோஸே ஐயர் 1884லேயே மால்டோ இலக்கணம் எழுதி வைத்துவிட்டார். நம் திராவிடக் குடும்பத்து மொழி அது, காதில் விழ விழ ஒட்டிக்கொள்ளும். நம் பாமாலை ராகங்களை அங்கே கொண்டுபோய்த் திணிக்காதீர்கள். பாட்டிமார் தங்கள் மெட்டில், தங்கள் மத்தளத்தோடு இரவெல்லாம் பாடும் ஆராதனையில் நாம் கூட உட்கார்ந்தாலே போதும்.

ஊழியத்தைத் தாங்குகிற சபைகளுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய துணி மூட்டையும் கேமராவுமாகக் கூட்டம் கூட்டமாக மலையேறி வராதீர்கள். புடைத்த வயிற்றோடு நிற்கும் பிள்ளையைப் படம் பிடித்துக் காணிக்கைக் கவரில் போடாதீர்கள். நர்ஸிங் படிக்கத் துடிக்கும் மால்டோ பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியின் படிப்புச் செலவை ஒரு சபை ஏற்றுக்கொள்ளட்டும். போக நினைக்கும் தம்பி தங்கைகள் இங்கேயே இந்தி படித்துவிட்டு, லேப் டெக்னீஷியன் பயிற்சியும் முடித்துவிட்டுப் போங்கள். ரத்தப் பரிசோதனை செய்ய அங்கே ஆள் போதவில்லை.