ஹிட்லரை மக்கள் ஓட்டுப் போட்டுத்தான் கொண்டு வந்தார்களா? மகள் கேட்ட கேள்வி

கொழிஞ்சாம்பாறை அம்மா:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க வீடு பாலக்காட்டுல கொழிஞ்சாம்பாறைப் பக்கம். மூத்தவ இங்கேயே தமிழ் மீடியத்துல பத்தாவது படிக்கறா, மார்ச்சுல எஸ்எஸ்எல்சி. ராத்திரி பாத்திரமெல்லாம் கழுவி வெச்சுட்டு நான்தான் கூட உக்காந்து சரித்திரம் படிக்க வெக்கறேன்.

முதல் உலகப் போருக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல சர்வாதிகாரம் எப்படி வந்ததுங்கற பாடம். நோட்டுல இப்படி எழுதியிருக்கா (வெர்சாய்ங்கறது போர்ல தோத்த ஜெர்மனி மேல சுமத்தின ஒப்பந்தம்): "வெர்சாய் ஒப்பந்தம், பணவீக்கம், வேலையின்மை ஆகியவற்றால் வெறுப்புற்ற மக்கள் ஹிட்லரைத் தேர்ந்தெடுத்தனர்." அதை மனப்பாடம் பண்ணிட்டே இருந்தவ திடீர்னு நிமிர்ந்து கேட்டா: "ஓட்டுப் போட்டுத்தானேம்மா வந்தாரு? நம்ம ஊர்ல புடிக்கலைன்னா அடுத்த எலக்‌ஷன்ல மாத்திடறாங்களே, அவரை ஏன் மாத்தல?"

எனக்குப் பதில் தெரியலைங்க. அவகிட்ட ஏதோ சொல்லிச் சமாளிக்கவும் மனசு வரலை. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வேலந்தாவளம் லாரி:

அக்கா, எல்லாம் பசிதான். 1923 நவம்பர்ல ஜெர்மனியில ஒரு டாலர் வாங்க அவங்க பணம் 4.2 லட்சம் கோடி மார்க் வேணும். ஆயுசுக்கும் சேத்து வெச்ச காசு ஒரு ரொட்டிக்கு ஆகாது. அப்புறம் 1932ல 60 லட்சம் பேருக்கு வேலை இல்லை. லோடு கிடைக்காம பத்து நாள் வண்டி நின்னாலே வீட்ல என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். அந்த நேரத்துல ஒருத்தன் வந்து "நான் வேலை தர்றேன், உன்னைக் கெடுத்தவன் இவன்தான்"னு கை காட்டினா, ஜனங்க நம்பத்தான் செய்வாங்க. பாப்பாகிட்ட அதையே சொல்லுங்க.

ரிட்டயர்டு மாஷ், சித்தூர்:

அம்மணி, உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. முப்பது வருஷம் இந்தப் பாடத்தை நடத்தியவன் நான். அந்த நோட்டில் மக்கள் "தேர்ந்தெடுத்தனர்" என்பதை அடித்துவிட்டு ஜனாதிபதி "நியமித்தார்" என்று எழுதச் சொல்லுங்கள். முழு மார்க் வாங்க வேண்டிய சொல் அதுதான்.

லாரித் தம்பி சொன்ன பசி உண்மை. ஆனால் வருஷத்தைப் பாருங்கள். அந்தப் பணவீக்கம் 1923லேயே முடிந்துவிட்டது. 1928 தேர்தலில் ஹிட்லரின் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தது 2.6 சதவீதம், 12 இடம். 1929ல் அமெரிக்காவில் பங்குச் சந்தை விழுந்து ஜெர்மன் தொழிற்சாலைகள் மூடிய பிறகுதான் ஏற்றம்: 1930ல் 18.3, 1932 ஜூலையில் 37.3. கட்டுப்பாடு இல்லாத தேர்தலில் அவர்கள் தொட்ட உச்சம் அவ்வளவுதான். அதே வருஷம் நவம்பரில் மறுபடி தேர்தல் வந்தபோது 33.1க்கு இறங்கினார்கள். 34 இடம் போயிற்று, 20 லட்சம் ஓட்டு குறைந்தது. அதாவது ஜனங்கள் மாற்ற ஆரம்பித்துவிட்டார்கள் அம்மணி. உங்கள் மகள் நினைத்தது நடந்துகொண்டுதான் இருந்தது.

அப்படி இறங்குமுகத்தில் இருந்தவரைத்தான் 1933 ஜனவரி 30 அன்று ஜனாதிபதி ஹிண்டன்பர்க் பிரதமர் நாற்காலியில் உட்கார வைத்தார். அதற்குப் பேசி முடித்தவர் முன்னாள் பிரதமர் பாப்பன். மந்திரிசபையில் ஹிட்லரோடு சேர்த்து நாஜிகள் மூன்று பேர்தான், மற்றவர்கள் நம் ஆட்கள், இந்த ஆளை நாம் கட்டி வைத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பெரிய மனிதர்கள் கணக்குப் போட்டார்கள். பிப்ரவரி 27 ராத்திரி நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே அவசரச் சட்டம் வந்தது: பேச்சுரிமை இல்லை, கூட்டம் கூடும் உரிமை இல்லை, விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கலாம். இத்தனை மிரட்டலோடு மார்ச் 5ல் நடத்திய தேர்தலிலும் 43.9 சதவீதம்தான் வந்தது. பாதிகூட இல்லை.

இனி வருவதை நான் வகுப்பில் கணக்காகவே போடுவேன், கரும்பலகையில். 1933 மார்ச் 23. எரிந்த கட்டடத்துக்குப் பதிலாக குரோல் என்ற நாடக அரங்கில் சபை கூடுகிறது. நாடாளுமன்றத்தைக் கேட்காமலே அரசு சட்டம் போடலாம் என்ற மசோதா. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். கம்யூனிஸ்டுகள் 81 பேரில் ஒருவரையும் உள்ளே விடவில்லை. சமூக ஜனநாயகக் கட்சியின் 120 பேரில் 26 பேர் சிறையில் இருந்தார்கள் அல்லது ஓடி ஒளிந்திருந்தார்கள். சுவரோரம் நாஜிக் கட்சியின் அடியாட்களான பழுப்புச் சட்டைக்காரர்கள். எதிர்த்துப் பேசியவர் ஓட்டோ வெல்ஸ் என்ற ஒருவர் மட்டுமே. ஆதரவு 444, எதிர்ப்பு 94.

பிள்ளைகளிடம் கேட்பேன்: வெளியே நின்ற 81ஐயும் 26ஐயும் 94ஓடு கூட்டுங்கள். 201. ஆதரவு 444ஐயும் சேர்த்தால் 645, அதில் மூன்றில் இரண்டு 430. 444 அதைத் தாண்டிவிடுகிறது. அப்படியென்றால் அவர்கள் உள்ளே இருந்திருந்தாலும் மசோதா தேறியிருக்கும். யார் ஓட்டில் தேறியது? மத்தியக் கட்சி என்று கத்தோலிக்கர்களின் பழைய கட்சி ஒன்று இருந்தது. எழுபதுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள். எல்லோரும் உள்ளே இருந்தால் என்ற அந்தக் கணக்கில் 444லிருந்து அவர்களைக் கழித்துப் பாருங்கள், மசோதா விழுந்துவிடும். அந்தக் கட்சிக்குள் வேண்டாம் என்று வாதாடியவர்கள் உண்டு. அவர்களும் கடைசியில் ஆதரித்தே ஓட்டுப் போட்டார்கள். தலைவர் காஸ் உரிமைகளுக்கு உத்தரவாதம் கேட்டார்; கடிதமாகவே எழுதித் தருவதாக ஹிட்லர் தரப்பு சொன்னது. கடிதம் கைக்கு வருவதற்கு முன்னால் ஓட்டுப் போட்டார்கள். நம் பக்கத்தில் அஞ்சு சென்ட் தோட்டம் வாங்குகிறவன்கூடப் பத்திரத்தைப் பார்க்காமல் பணம் எண்ணிக் கொடுக்கமாட்டான். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

இனி மகளின் கேள்விக்கு நேர் பதில். அடுத்த தேர்தல் நடந்தது, 1933 நவம்பர் 12ல். ஆனால் ஜூலையிலேயே வேறு கட்சி இருப்பதே குற்றம் என்று சட்டம் வந்துவிட்டது. ஓட்டுச்சீட்டில் ஒரே கட்சி, ஒரே வட்டம். நான் பல தேர்தலில் பிரிசைடிங் ஆபீசராக இருந்திருக்கிறேன். பெட்டிக் காலத்தில் காலையில் பெட்டியைக் கவிழ்த்து, காலியாக இருப்பதை எல்லாக் கட்சி ஏஜெண்டுகளுக்கும் காட்டிவிட்டுத்தான் சீல் வைப்போம். அந்த பெஞ்சில் எதிரும் புதிருமாக நாலு ஏஜெண்டுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஜெர்மனியில் அந்த பெஞ்சையே எடுத்துவிட்டார்கள் என்று மகளிடம் சொல்லுங்கள்.

மூணாறு லயம்:

மாஷ், இத்தாலியிலும் கதவை உள்ளே இருந்துதான் திறந்தார்கள். போ ஆற்றுச் சமவெளியில் கூலி விவசாயிகள் சங்கம் வைத்தார்கள். பண்ணையார்கள் காசு கொடுத்து, முசோலினியின் ஃபாசிஸ்ட் கட்சிக் கருஞ்சட்டைக் கும்பலை ஏவினார்கள். சங்கக் கட்டடத்தை எரிப்பது, தலைவனைப் பிடித்து வாயைத் திறந்து விளக்கெண்ணெய் ஊற்றுவது. வயிற்றுக்கு அம்மா ஒரு கரண்டி கொடுத்தாலே நாங்கள் அழுவோம். இவர்கள் பெரிய மனிதனை ஊர் நடுவில் வைத்து அளவில்லாமல் குடிக்க வைத்து, அவன் மானம் போவதை ஊரே பார்க்கும்படி செய்தார்கள். தோட்டத்தில் பிறந்தவனுக்கு இதைப் படிக்கக் கை நடுங்கும். 1922 அக்டோபர் 28ல் அவர்கள் ரோமை நோக்கி வந்தபோது பிரதமர் ஃபாக்டா ராணுவச் சட்டம் கேட்டார், மன்னர் கையெழுத்துப் போடவில்லை. 1921 தேர்தலில் வெறும் 35 இடம் பிடித்த கட்சியின் தலைவர் முசோலினியை மன்னரே அழைத்துப் பிரதமராக்கினார். 1924ல் தேர்தல் முறைகேட்டைச் சபையில் எழுந்து சொன்ன எதிர்க்கட்சி உறுப்பினர் மத்தேயோத்தியைப் பதினோரு நாளில் தூக்கிக்கொண்டு போய்க் கொன்றார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் லயத்து வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் சோவியத் ரஷ்யாவின் ஸ்டாலின் படம் இருந்தது. அப்பா யூனியன்காரர். கூலி கேட்டு நின்றவர். அந்தப் படத்துக்கு மே தினத்தில் மாலை போடுவார். 1932–33 பஞ்சம் பற்றி நான் படித்தது நாற்பது வயதுக்கு மேல். உக்ரைன் விவசாயியிடம் தானியத்தை வழித்து எடுத்துக்கொண்டு, 1933 ஜனவரியில் அவன் பிழைப்புத் தேடி வெளியே போகவும் ரயில் டிக்கெட் கொடுக்காமல் மறித்தார்கள். கூட்டுப் பண்ணை வயலில் கதிர் பொறுக்கினால் பத்து வருஷம் சிறை, அல்லது சுட்டுக் கொல்லலாம் என்று 1932 ஆகஸ்டில் சட்டம். எங்கள் பாட்டன் பஞ்சத்தில் திருநெல்வேலியை விட்டுக் கால்நடையாய் மலை ஏறி வந்தவர். அவரை அடிவாரத்திலேயே மறித்திருந்தால் நான் இல்லை. அப்பா இருக்கும்போதே இதைப் படித்திருந்தால் அவரோடு உட்கார்ந்து பேசியிருப்பேன்.

ரிட்டயர்டு மாஷ், சித்தூர்:

தம்பி, அதைப் பாடத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். வழி மட்டும் வேறு. ஸ்டாலினுக்குத் தேர்தலே தேவைப்படவில்லை. 1922ல் கட்சியின் பொதுச்செயலாளர் ஆனார். யாரை எந்த ஊருக்கு, எந்தப் பதவிக்கு என்ற ஃபைல் அவர் மேஜையில் இருந்தது. லெனின் 1924ல் இறந்தபோது பெரிய பேச்சாளர்கள் வேறு பலர் இருந்தார்கள், ஆனால் மாவட்டந்தோறும் செயலாளர்கள் இவர் போட்ட ஆட்கள்.

வேலந்தாவளம் லாரி:

மாஷ் சொன்ன 2.6 எனக்குத் தெரியாதுங்க. பசின்னா 1923லயே வந்திருக்கணுமே. சரிதான்.

கொழிஞ்சாம்பாறை அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மாஷ் சொன்ன கணக்கை அவளே போட்டுப் பாத்துட்டா, ரெண்டு தடவை. நோட்டுல அந்தச் சொல்லை அடிச்சுட்டு "ஹிண்டன்பர்க் நியமித்தார், பின்னர் நாடாளுமன்றமே தன் அதிகாரத்தை எழுதிக் கொடுத்தது"ன்னு எழுதியிருக்கா. படுக்கப் போறப்ப மறுபடி வந்து, "அந்தக் கட்சிக்காரங்களுக்குக் கடிதம் வந்துச்சாம்மா?"ன்னு கேக்கறா.

ரிட்டயர்டு மாஷ், சித்தூர்:

வரவே இல்லை அம்மணி. ஏப்ரலில் காஸ் ரோமுக்குப் போய்விட்டார். ஜூலை 5ல் அந்தக் கட்சி தன்னைத் தானே கலைத்துக்கொண்டது.