அமெரிக்க ஐபோன், காரைக்குடி சிம்: அப்பச்சியின் ஆண்ட்ராய்டை மாற்ற எது முதலில்?

கோட்டையூர் ஆச்சி:
அப்பச்சிக்கு அமெரிக்காவில் வாங்கிய ஐபோன் 15 வந்திருக்கிறது. அதில் சிம் போடுகிற தட்டே இல்லை. இப்போதுள்ள ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் (பங்காளிகள் குழு, கோயில் குழு, வீட்டுப் பத்திரப் படங்கள்), கூகுள் பே, இரண்டு வங்கிச் செயலிகள், தமிழ்த் தட்டச்சு எல்லாம் இருக்கின்றன. ஐபோனை வைஃபையில் இணைத்து முகப்புத் திரை வரை போயாகிவிட்டது. இனி வாட்ஸ்அப் பழசெல்லாம் வருமா? எந்த வரிசையில் செய்வது?

தேவகோட்டை ரஸ்தா:
ஆச்சி, முதலில் போன் ஒரே நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் பூட்டப்படாததா என்று பாருங்கள். செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் போனால் ‘கேரியர் லாக்’ என்று ஒரு வரி இருக்கும். அதில் ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று இருந்தால்தான் நம் ஊர் இசிம் (தட்டில் போடாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) ஏறும். இல்லையென்றால் வாங்கிய நிறுவனத்திடம் சொல்லித் திறக்க வேண்டும். அது முடியாமல் வேறெதிலும் கை வைக்காதீர்கள்.

பழசெல்லாம் வரும். ஆனால் அதற்குப் பழைய போனில் போட வேண்டிய ‘மூவ் டு ஐஓஎஸ்’ செயலி ஐபோனின் தொடக்க அமைப்பில்தான் வேலை செய்யும். அதனால் ஜெனரலின் கடைசியில் உள்ள ‘டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட்’டுக்குப் போய் ஐபோனை முழுதாக அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். ‘ஃப்ரம் ஆண்ட்ராய்ட்’ கொடுத்ததும் ஐபோனில் ஓர் எண் வரும். அதைப் பழைய போனில் அடித்து, பட்டியலில் வாட்ஸ்அப்பையும் தொடுங்கள். பிறகு ஐபோனில் வாட்ஸ்அப்பை இறக்கி அதே எண்ணால் நுழைந்து ‘ஸ்டார்ட்’ கொடுத்தால் உரையாடல்கள் வந்துவிடும். அழைப்புப் பட்டியல் வராது.

கூகுள் டிரைவில் பேக்கப் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். அதை ஐபோன் வாட்ஸ்அப்பால் திறக்க முடியாது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

இந்தக் கட்டத்தில் சிம் பழைய போனிலேயே இருக்கட்டும். வாட்ஸ்அப் அனுப்பும் ஆறு இலக்க எண்ணை அங்கே பார்த்து இங்கே அடித்தால் போதும்.

பள்ளத்தூர்க்காரன்:
அண்ணன் சொன்ன வரிசைதான் சரி. இசிம் கடைசியில். காரணம் இதுதான்: சிம்மை மாற்றினால், இசிம் ஆக்கினாலும் சேர்த்து, 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி போகாது, வராது. மோசடியைத் தடுக்க வைத்த விதி. அந்த ஒரு நாள் வங்கி ஓடிபி கிடையாது, யுபிஐ பதிவும் நடக்காது. வீட்டில் படைப்போ (முன்னோர் வழிபாடு) சாந்தியோ (அறுபதாம் கல்யாணம்) இருக்கிற வாரத்தில் இதைத் தொடாதீர்கள். சமையல்காரருக்கும் மளிகைக்கும் பணம் அனுப்ப முடியாமல் போய்விடும்.

*#06# அடித்தால் 32 இலக்க ஈஐடியும் (இசிம்மின் அடையாள எண்) 15 இலக்க ஐஎம்இஐயும் (போனின் அடையாள எண்) திரையில் வரும். இசிம் கேட்கும்போது இவை தேவைப்படலாம். கியூஆர் படம் வந்தால் அதை வேறொரு திரையில் காட்டி ஐபோனால் படிக்கலாம். மடிக்கணினியில் காட்டலாம், இல்லையேல் அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் யுபிஐ. ஐபோனில் செயலி தானாகக் குறுஞ்செய்தி அனுப்பாது. எழுதிய செய்தியோடு ஒரு திரை திறக்கும், நாம்தான் அனுப்பு பொத்தானை அழுத்த வேண்டும். அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. வளவுக்குள் (வீட்டின் உள்முற்றப் பகுதி) சுவர் கனத்தில் சிக்னல் தேயும், திண்ணைக்கு வந்து செய்யுங்கள். பழைய யுபிஐ ரகசிய எண்ணே (பின்) செல்லும். ஆனால் புது போன் என்பதால் தொடக்கத்தில் வரம்பு 5,000 ரூபாய்தான். ஆண்ட்ராய்டில் 24 மணி நேரம், ஐபோனில் சில வங்கிகளில் 72 மணி நேரம் அப்படி இருக்கும்.

கோட்டையூர் ஆச்சி:
பூட்டு இல்லை, நல்லவேளை. அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். பாதியில் இணைப்பு அறுந்துவிடுகிறது.

தேவகோட்டை ரஸ்தா:
ஐபோன் தானே ஒரு வைஃபை உண்டாக்கிப் பழைய போனை அதில் சேர்க்கிறது. அதில் இணையம் இல்லை என்று கண்டதும் ஆண்ட்ராய்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவும், இணைப்பு அறும். டேட்டாவையும், வைஃபையிலிருந்து தானாக மாறும் வசதியையும் நிறுத்துங்கள். இரண்டு போனும் சார்ஜரில் இருக்கட்டும். ஆண்ட்ராய்டில் வேறு செயலியைத் திறக்காதீர்கள், அழைப்பு வந்தாலும் எடுக்காதீர்கள். ஆண்ட்ராய்டு ‘முடிந்தது’ என்று சொன்னாலும் ஐபோனில் பட்டை நிறையும்வரை காத்திருங்கள்.

மெமரி கார்டில் உள்ள படங்களுக்கும் ஐபோனில் இடம் கணக்குப் போட வேண்டும். பத்திரப் படங்களைக் கணினியில் ஒரு பிரதி வைத்துவிட்டே தொடங்குங்கள். பழைய போனை ஒரு மாதம் அழிக்க வேண்டாம்.

கானாடுகாத்தான்:
தமிழுக்குத் தனிச் செயலி வேண்டாம். ஜெனரல், கீபோர்டு, கீபோர்ட்ஸ், ‘ஆட் நியூ கீபோர்டு’, தமிழ். அஞ்சல், தமிழ் 99 என்பவை அதில் வரும். அப்பச்சி ஒலிப்பு முறையில் அடித்துப் பழகியவர் என்றால் அஞ்சல் போதும். ஐயம் இருந்தால் இரண்டையும் சேர்த்துவிடுங்கள், உலக உருண்டைப் படமுள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தால் மாற்றிக்கொள்ளலாம். எழுத்தளவை ‘டிஸ்ப்ளே அண்ட் பிரைட்னஸ்’ஸில் கூட்டி, ‘போல்டு டெக்ஸ்ட்’டையும் போட்டுக் கொடுங்கள்.