மறுமொழி: டயபாஸ் – உறக்கமா, நிறுத்தமா, ஒடுங்கலா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். நிலக்கடலைப் பூச்சிகள் பற்றிய கையேட்டைத் தமிழில் எழுதும்போது, டயபாஸ் (diapause) என்ற சொல்லுக்கு வந்ததும் நின்றுவிட்டேன், தமிழில் என்ன சொல்லலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். கெட்ட பருவம் வரும் முன்பே பூச்சி தன் வளர்ச்சியையோ இனப்பெருக்கத்தையோ தானே அடக்கிக்கொள்ளும் நிலை அது. உடனே இத்தனை பேர் யோசித்து எழுதியதற்கு நன்றி. உறக்கநிலை, வளர்ச்சி நிறுத்தம், அறிதுயில், முடக்கம் என நான்கு சொற்கள் வந்தன. நான்கையும் கையேட்டு வாக்கியங்களில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

> உறக்கம் என்றாலே எல்லோருக்கும் புரியுமே, புதுச்சொல் எதற்கு?

புரியும், ஆனால் தப்பாகப் புரியும் என்பதுதான் என் கவலை. சிவப்புக் கம்பளிப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். மானாவாரிக் கடலையில் மழை பெய்த ஓரிரு நாளில் அந்துப்பூச்சிகள் மண்ணிலிருந்து கிளம்பும். எங்கள் பக்கத்தில் அந்த இரவுகளில் அவற்றை இழுத்து அழிக்க வரப்போரம் தீ மூட்டுவார்கள். முட்டை பொரிந்து, புழு இலையைத் தின்று வளர்ந்து, மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிறது. அப்புறம் சுமார் 10 மாதம் அங்கேயேதான். அது இறங்கும்போது செடி பச்சையாக நிற்கிறது, தின்ன இலை இருக்கிறது. இடையில் மண் நனைந்தாலும் பெரும்பாலானவை எழுவதில்லை. கஷ்டம் வந்ததால் படுத்த பூச்சி இல்லை இது. கஷ்டம் வரும் முன்பே ஒதுங்கிக்கொண்ட பூச்சி. 'உறங்குகிறது' என்று எழுதினால், தண்ணீர் பட்டால் விழித்துவிடும் என்றுதானே படிப்பவர் நினைப்பார்? கோடை உழவில் கூட்டுப்புழுவை வெயிலுக்கும் பறவைக்கும் காட்டச் சொல்வதே, அது அத்தனை மாதம் அசையாமல் கிடக்கும் என்பதால்தான்.

பட்டுப்புழு முட்டை இன்னும் தெளிவான சாட்சி. தாய் அந்து முட்டையாக இருந்தபோது 25 டிகிரி வெப்பத்திலும் நீண்ட பகலிலும் அடைபட்டிருந்தால், வளர்ந்தபின் அது இடும் முட்டைகள் பொரியாமல் பாதியில் வளர்ச்சி நின்றுபோகும் வகை. 15 டிகிரியில், இருட்டில் இருந்திருந்தால் நேராகப் பொரியும் வகை. (ஆண்டுக்கு இரண்டு தலைமுறை காணும் இனங்களில் இப்படி.) தாயின் தலையில் உணவுக்குழலுக்குக் கீழே உள்ள நரம்பு முடிச்சு ஒரு ஹார்மோனைச் சுரந்து இதைத் தீர்மானிக்கிறது. நின்ற முட்டையை வெதுவெதுப்பான அறையில் வைத்தாலும் பொரியாது. பல வாரம் குளிரில் வைத்து எடுத்தால்தான் பொரியும். அவசரத்துக்கு, இட்ட ஒரு நாளுக்குள் 46 டிகிரி ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 5 நிமிடம் முக்கி எடுப்பார்கள். குளிருக்குப் பயந்து தூங்கும் உயிர் என்றால், அது விழிக்கக் குளிரே தேவைப்படுவது எப்படி?

> வளர்ச்சி நிறுத்தம் என்பது துல்லியமாக இருக்கிறது.

முட்டைக்கும் புழுவுக்கும் கூட்டுப்புழுவுக்கும் சரி. 1893இல் அமெரிக்கப் பூச்சியியலாளர் வீலர் டயபாஸ் என்ற சொல்லை உண்டாக்கியதும் வெட்டுக்கிளி வகை ஒன்றின் கருவில் வரும் ஓர் அசைவற்ற கட்டத்துக்குத்தான். பொருள் விரிந்தது பிறகு. இன்று மோனார்க் வண்ணத்துப்பூச்சிக்கும் இதே சொல். கனடா எல்லைப் பக்கமிருந்து மெக்சிகோவின் மிச்சோவாகான் மலைக்காடுகள் வரை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வருகிறதே, அந்தப் பயணம் முழுக்க அது டயபாஸில் இருக்கிறது. வளர்ந்து முடிந்த பூச்சி. நிறுத்த வளர்ச்சியே மிச்சமில்லை. பறக்கிறது, வெயில் வந்தால் இறங்கித் தண்ணீர் குடிக்கிறது. உள்ளே முட்டை உருவாவது மட்டும் அடங்கியிருக்கிறது. உறக்கம், நிறுத்தம் இரண்டுமே இந்த ஓர் உதாரணத்தில் விழுந்துவிடுகின்றன.

முடக்கம் வேண்டாம். அது பிறர் செய்வது. 2020க்குப் பிறகு வேறு நினைவும் வருகிறது.

அறிதுயில் எனக்கு உண்மையிலேயே பிடித்த சொல். முன்கூட்டியே அறிந்து அடங்குவது என்ற கருத்து அதற்குள் இருக்கிறது. ஆனால் ஹிப்னாடிசத்துக்கு அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். திருமாலின் பள்ளிகொண்ட கோலமும் கண்முன் வரும். துயிலும் உறக்கமே என்பதால் மோனார்க் இங்கும் இடிக்கும்.

என் முன்மொழிவு: ஒடுங்கல்.

ஆமை ஓட்டுக்குள் ஒடுங்குகிறது. காய்ச்சல்காரர் போர்வைக்குள் ஒடுங்கிக் கிடக்கிறார். உயிர் இருக்கிறது, செலவு குறைந்திருக்கிறது, தன்னைத் தானே உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. ஒடுக்கம் என்று ஏன் வைக்கவில்லை என்று கேட்பீர்கள். பள்ளி வேதியியலில் ஆக்சிஜனேற்றத்தின் எதிர்வினைக்கு ஒடுக்கம் என்றே பெயர். அதோடு, அது 'ஒடுக்கு' என்ற பிறவினையிலிருந்தும் பிறக்கும். ஒடுக்குமுறை நினைவுக்கு வரும். 'ஒடுங்கு' தன்வினை, அதில் 'அல்' சேர்த்தால் செய்வது பூச்சியேதான் என்பது சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது.

ஒடுங்குதல் சாவையும் குறிக்குமே என்று மூத்த நண்பர் ஒருவர் தனிமடலில் கேட்டார். ஐயா, மூச்சு ஒடுங்கியது என்பது உண்டுதான். ஆனால் சித்தர்கள் அடங்கிய இடத்தை ஒடுக்கம் என்று சொல்லும் ஊர்க்காரர்கள், உள்ளே இருப்பவர் செத்துவிட்டார் என்று ஒப்புக்கொள்வதில்லை. அந்தப் பொருள் நமக்கு உதவவே செய்கிறது.

வினையாக்கியும் பார்த்தேன். ஒடுங்கிய முட்டை, ஒடுங்கா முட்டை, ஒடுங்கல் ஹார்மோன், ஒடுங்கல் கலைந்தது, மோனார்க்குக்கு இனப்பெருக்க ஒடுங்கல். எதுவும் நாக்கில் இடறவில்லை. யக்கா அந்துப்பூச்சியின் புழுக்கள் சில 30 ஆண்டு கழித்து உருமாறியதை 2001இல் பதிவு செய்தார்கள். அதற்கு நெடு ஒடுங்கல் போதும்.

உறக்கநிலையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. விதை உறக்கம் ஊன்றிவிட்டது. எல்லா வகைக்கும் பொதுப்பெயராக அது இருக்கட்டும். குளிரோ வறட்சியோ வந்ததும் நின்று, அது போனதும் உடனே தொடரும் வகைக்குத் தேக்கம் என்று வைக்கலாம். மடையைத் திறந்தால் ஓடும் தண்ணீர் மாதிரி. ஒடுங்கலில் மடை திறந்தாலும் ஓடாது.

கையேட்டின் மூன்றாம் பகுதியை இந்தச் சொற்களோடு திருத்தி இணைத்திருக்கிறேன். கூட்டுப்புழுப் பத்தியை மட்டுமாவது ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, எங்கே தட்டுகிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்